படிகாரம் தேவையில்லை

பொண்ணு விஷயமா வந்திருக்கறேன்னு வாசல்லயே சொன்னீங்களே, அப்பவே எனக்குத் தெரிஞ்சு போச்சுங்க. வாங்க, உள்ள வாங்க. செருப்பெல்லாம் கழட்ட வேண்டாம், இது மண்டிதானுங்க, வீடு மாடியில. அந்த மூட்டை மேலயே உக்காருங்க. ஒண்ணும் ஆகாதுங்க, படிகாரம்தான், கல்லாட்டக் கெடக்குது. எடுக்க ஆளில்லாமக் கெடக்குது. உக்கார்றதுக்காச்சும் ஒதவட்டும்.

கரூர்லருந்து விசாரிக்க வருவாங்கன்னு தரகர் சொல்லிட்டுத்தான் போனாரு. இருங்க, இருங்க. நீங்க ஆரம்பிக்கறதுக்கு முந்தி நா ஒண்ணச் சொல்லிப் போடறேன். பொண்ணப் பெத்தவன்னா என்ன சொல்லுவான்? எம்பொண்ணு மகாலட்சுமி, வாயத் தொறந்து அதிர்ந்து பேசமாட்டா, கோலம் போட்டா தெருவே நின்னு பாக்கும், அப்படிம்பான். நா அந்த ஆளு இல்லீங்க. மறைச்சுக் கட்டிக் குடுத்துட்டு, நாளைக்கு நீங்க வந்து என்ற சட்டையப் புடிச்சீங்கன்னா? அதனால இருக்கறத இருக்கற மாதிரி சொல்லிடறனுங்க. கோகிலவாணி கெட்ட பொண்ணு இல்ல. ஆனா அவளால என்ற பொழப்பு கெட்டுச்சு. ரெண்டையும் நீங்க தெரிஞ்சுக்கோணும்.

எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணுதானுங்க. கல்யாணத்தப் பண்ணி அவளக் கூட்டிட்டுப் போயிருங்க. கரூருக்குக் கூட்டிட்டுப் போங்க, அதுக்கு அக்கட்டால கூட்டிட்டுப் போனாலும் சந்தோசம். இந்தக் கூகமலைப் பக்கம் மட்டும் அவ திரும்பி வரப்படாது. கவுருமெண்ட்டு வேலைதானே, புருசன் இருக்கற ஊருக்கு மாத்தல் கேட்டாக் குடுப்பாங்களாம். அதையும் நா விசாரிச்சு வெச்சிருக்கறனுங்க.

என்ன இந்தாளு, பெத்த பொண்ணத் தொரத்தறதுல இவ்வளவு குறியா இருக்கறானேன்னு பாக்கறீங்க. உங்களுக்குப் புரியோணும்னா நா தண்ணியப் பத்திச் சொல்லோணுங்க.

இந்த மாரநல்லூர் மொத்தமும் குடிக்கறது கூகமலை அணைத் தண்ணி. மலையடிவாரத்துல ஃபில்டர் ஹவுஸ் இருக்குது, வர்ற வழியில பாத்திருப்பீங்க, பச்சைக் கேட்டு போட்டது. அந்தக் காலத்துல மழை பேஞ்சா மலையிலருந்து செம்மண்ணு கரைஞ்சு தண்ணி டீயாட்ட வரும். அதை அப்படியே பைப்புல உட முடியுங்களா? படிகாரத்தக் கரைச்சு ஊத்தோணும். ஊத்துனா அந்த மண்ணு துகளெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி, கனமாகி, அடியில போய் உக்காந்துக்கும். மேல தெளிஞ்சது நிக்கும். அப்பறம் மணல்ல வடிச்சு, குளோரின் போட்டு டவுனுக்கு உடுவாங்க. அந்தப் படிகாரம் ஆரு குடுத்தது? நானு. இந்த ஊர்ல சம்சாரிங்க, வக்கீலுங்க, டாக்டருங்க, அத்தன பேரும் சேறு குடிக்காம இருந்தாங்கன்னா அது என்னாலதானுங்க. ஒருத்தனாச்சும் சொல்லியிருப்பானா? சொல்லமாட்டான்.

அப்ப மலை எப்படி இருந்துச்சுங்கறீங்க! மொட்டைக் கரடு. ஆடு மேயும், வெறகு வெட்டுவாங்க, சருகக் கூட்டி எருவுக்கு அள்ளிட்டுப் போவாங்க. கீழ ரோட்டுல நின்னு பாத்தா மேல போற ஆட்டுக்கு என்ன நெறம்னு சொல்லிப் போடலாம், அவ்வளவு வெட்டவெளி. இப்பப் போய்ப் பாருங்க, யானை நின்னாலும் தெரியாது.

டீச்சருக்குப் படிடீன்னேன். கேக்கல. காட்டுப் படிப்பு படிக்கறேன்னா. சரி, பொட்டப் புள்ளைக்கு எங்க வேலை குடுக்கப் போறானுங்கன்னு நெனச்சு உட்டேன். குடுத்துட்டானுங்க. ஃபாரஸ்டர். குடுத்தானுங்களே, தமிழ்நாட்டுல எத்தன மலை இருக்குது? சத்தியமாச் சொல்றேன், அவளுக்கு வேற எந்த மலையக் குடுத்திருந்தாலும் நா ஒண்ணும் சொல்லியிருக்கமாட்டேன். கூகமலையவே குடுத்தானுங்க. அதுவும் அணைக்கு நேர் மேல இருக்கற சரிவு.

வந்து சேந்த ஒடனே அம்மிணி என்ன பண்ணுனா? அணைக்கு மேல ஆடு ஏறப்படாதுன்னுட்டா. புல்லு வேணும்னா அறுத்துத் தலையில சொமந்துட்டுப் போங்க, ஆட்ட மட்டும் ஓட்டாதீங்கன்னா. மழைத்தண்ணி அறுத்துட்டுப் போன பள்ளத்துல எல்லாம் கல்ல அடுக்குனா. சரி, அது போவுது. சருகு! சருகக் கூட்டப்படாதுன்னு வாட்சரை நிறுத்தி வெச்சாளுங்க. நீங்க ஒலகத்துல நகைக்குக் காவல் பாத்திருப்பீங்க, நெல்லுக்குக் காவல் பாத்திருப்பீங்க. காஞ்ச எலைக்குக் காவல் காக்கறவள எங்கயாச்சும் பாத்திருக்கீங்களா? மரம் நட்டாளான்னா அதுவும் அவ்வளவா இல்லீங்க. சும்மா உட்டா. சும்மா உட்டா தானா வரும்ன்னா. வந்துருச்சு. அதுதான் எனக்கு வந்த வெனை.

ஒருக்கா ஆடி மழையில என்னையக் கூட்டிட்டுப் போயிக் காட்டுனா. "அப்பா, இந்தச் சருகுக்குள்ள கையி வெய்யுங்க"ன்னா. வெச்சேன். அடியில மெத்துன்னு இருக்குது, சில்லுன்னு இருக்குது. மேல மழை ஊத்துது, கீழ மண்ணு அசையக்கூட இல்லீங்க. அவ சிரிச்சுட்டே சொல்றா, "இதுதாம்ப்பா உங்களுக்குப் போட்டிக் கடை"ன்னு. பெத்த அப்பங்கிட்டச் சொல்ற பேச்சா அது? கையத் தொடச்சுட்டு எறங்கி வந்துட்டேன்.

அதுக்கப்பறம் பாருங்க, மழை பேயுது, நா கண்ணால பாக்கறேன், மாடியில நின்னு பாக்கறேன். தண்ணி பொங்கிட்டு வரோணுமா இல்லையா? வரமாட்டேங்குதுங்க! மலை குடிச்சுப் போடுது. குடிச்சுட்டு, மழை நின்னு, வெயிலடிச்சு, எல்லாரும் மறந்து போனதுக்கப்பறம், கஞ்சன் காசு எடுக்கற மாதிரி கொஞ்சங் கொஞ்சமா உடுது. அதுவும் எப்படி? கண்ணாடியாட்ட. அடியில கெடக்கற கூழாங்கல்ல எண்ணலாம். இந்தத் தண்ணிய வெச்சுட்டு நா என்னங்க பண்றது?

அட, பேசிட்டே உங்களுக்குத் தண்ணி குடுக்கல பாருங்க. இந்தாங்க. பயப்படாமக் குடிங்க, பைப்புத் தண்ணிதான். கேன் தண்ணியெல்லாம் நா தொடறதில்லீங்க. இந்த ருசி வருமா அதுல? வெளியூர்க்காரங்க வந்தா ரெண்டு சொம்பு கேட்டு வாங்கிக் குடிக்கறாங்க. கரூர்ல உங்களுக்கு உப்புத்தண்ணிதானே? அதான் பாத்தேன், ஒரே மடக்குல குடிச்சுட்டீங்க. இந்தாங்க, இன்னொரு சொம்பு.

அவ ஒருத்தியா இருந்திருந்தாக்கூட நா சமாளிச்சிருப்பனுங்க. கீழ ஒருத்தன் வந்து சேந்தான் பாருங்க, ஃபில்டர் ஹவுஸுக்கு. கிருபாகரன்னு பேரு. இஞ்சினீயராமா. மூஞ்சியப் பாத்தா காச்சுன பால் திரிஞ்சு போயிரும். அவனுக்கு முந்தி இருந்தவரு தங்கமான மனுசன். மழையோ வெயிலோ, இவ்வளவு மூட்டைன்னு போட்டுட்டே இருப்பாரு, கேள்வி கேக்கமாட்டாரு. இவன் என்ன பண்ணுனான், கண்ணாடி ஜாடி வரிசையா வெச்சு, அணைத் தண்ணிய மோந்து ஊத்தி, ஒண்ணொண்ணுல கொஞ்சங் கொஞ்சம் படிகாரம் போட்டுக் கலக்கிக் கலக்கிப் பாக்கறான். பாத்துட்டு அங்க செவுத்துல ஒரு கரும்பலகை இருக்குது, அதுல எழுதறான். "படிகாரம் தேவையில்லை." தெனமும் காலையில! நானும் தெனமும் காலையில போய்ப் பாத்துட்டு வருவேன். ஒரு நாளைக்காச்சும் மாத்தி எழுதியிருப்பானான்னு. எழுத்து மட்டும் முத்து முத்தா இருக்குமுங்க, அதுல கொறை சொல்ல முடியாது.

நானே போயிக் கேட்டேன். ஏந் தம்பி, ஒரு கைப்பிடி போட்டாத்தான் என்ன, தண்ணி கெட்டா போயிரும்னு. அதுக்கு அவன் சொல்றான், "தேவையில்லாம எதுக்குங்கய்யா, மக்கள் குடிக்கற தண்ணி"ன்னு. மக்கள் குடிக்கற தண்ணியாமா! இவ்வளவு காலமா நா என்ன எருமை மாட்டுக்கா குடுத்துட்டு இருந்தேன்? வளத்த வளப்பு அப்படிங்க. பெரியவங்ககிட்ட எப்படிப் பேசறதுன்னு ஆத்தா அப்பன் சொல்லிக் குடுக்கோணும். அவனப் பெத்தவன் மட்டும் என்ற கையில கெடைச்சான்னு வையுங்க...

என்னங்க, பொறை ஏறிருச்சா? மெதுவாக் குடிங்க. இன்னுங் கொஞ்சம் ஊத்தட்டுமா?

அதுல பாருங்க, ரெண்டு பேரும் கூட்டு. தெனம் விடியறதுக்குள்ள இவன் மேல போன் போட்டுருவான். மேல மழையா, ஓடை எப்படி இருக்குதுன்னு கேப்பான். தெளிவா இருக்குதுன்னு அவ சொல்லுவா. ஒடனே இவன் பலகையில எழுதிப்போடுவான். என்ற சோத்துல மண்ணு உழுந்துரும். சாயங்காலமும் ஒரு போனு. ஃபில்டர் ஹவுஸ் வாட்சுமேன் நமக்கு வேண்டிய ஆளு, அவன்தான் சொன்னான். மழையே இல்லாத சித்திரையில கூட ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசிக்கறாங்களாமா. ஒரு சொட்டு மழை கெடையாது, ஓடையில தண்ணி கெடையாது, அப்படி என்னத்தங்க பேசுவாங்க? என்னைய ஒழிச்சுக் கட்டறதுக்குத் திட்டம் போடறதத் தவுத்து வேற என்ன இருக்குது பேசறதுக்கு?

நீங்க சிரிக்கற மாதிரி இருக்குது. சிரிங்க, சிரிங்க. எம்பட நெலைமையில இருந்தாத் தெரியும்.

இடையில ஒரே ஒரு வருசந்தானுங்க எனக்கு நல்ல காலம் வந்துச்சு. பங்குனியில மலை பத்திக்கிச்சு. அணைக்கு மேல அவ காத்து வெச்சிருந்த சரிவு, பூராவும். ஆரு வெச்சதுன்னு யாருக்கும் தெரியாது. என்னையக் கூட வந்து விசாரிச்சாங்க. நா எதுக்குங்க மலைக்குப் போறேன், மூட்டு வலியோட? ஆட்டுப் பட்டிக்காரங்களுக்கு நா டீ வாங்கிக் குடுத்தது உண்மை. அவங்களும் பாவம், அவளால அடி பட்டவங்கதானே, உக்காந்து பேசுவோம். பழைய புல்லு எரிஞ்சாத்தான் புதுப் புல்லு தளிர்க்கும்னு நா சொன்னது உண்மை. அது ஊர்ல எல்லாரும் சொல்றதுங்க. சொன்னாப் பத்த வெச்ச மாதிரி ஆயிருமா? நீங்களே சொல்லுங்க.

இவளுக்கு என்னங்க தலையெழுத்து, வாட்சருங்கள அனுப்பிட்டுக் கீழ நின்னிருக்கலாமல்ல? இவளும் பச்சைத் தழைய ஒடிச்சுட்டுத் தீய அடிக்கப் போயிட்டா. காத்து திரும்பிருச்சு. வலது கையி, முழங்கையிலருந்து மணிக்கட்டு வரைக்கும். நீங்க பொண்ணப் பாக்கும்போது முழுக்கை ரவிக்கை போட்டுட்டு வருவா, அதுக்குத்தான் இப்பவே சொல்றேன். தழும்பு இருக்குது. நா மறைக்கறவன் இல்லீங்க.

அந்த ஆனியில மழை புடிச்சுது பாருங்க. சாம்பலும் சேறுமா, தண்ணி கருப்பா வந்துச்சு. மாரநல்லூரே கதிகலங்கிப் போச்சு. வடிக்கற மணல்தொட்டியெல்லாம் அடைச்சுக்கிச்சு. தெருத்தெருவாக் கொழந்தைகளுக்குப் பேதி. ஜனங்க கொடத்த எடுத்துட்டு லாரிக்குப் பின்னால ஓடுனாங்க. அப்ப ஆரு வந்தா தெரியுங்களா என்ற வாசலுக்கு? அந்தக் கிருபாகரன். தலையெல்லாம் கலைஞ்சு, கண்ணெல்லாம் செவந்து, இந்தா நீங்க வந்து நின்ன அதே எடத்துல நின்னான். "ஐயா, எவ்வளவு இருந்தாலும் வேணும், இன்னிக்கே வேணும்"னான். அந்த வார்த்தையக் கேக்கறதுக்கு நா எத்தன காலம் காத்திருந்தேன்! கையப் புடிச்சுட்டுக் கெஞ்சுனானுங்க. நா சாவியத் தேடற மாதிரி மெதுவாத் தேடுனேன். அனுபவிச்சேன்னே வையுங்க. அப்பறம் கொடோனத் தொறந்து உட்டேன்.

அன்னிக்குத்தான் அவளுக்குத் தொடையிலருந்து தோல் எடுத்துக் கையில ஒட்டற ஆப்பரேசன். ரெண்டாந்தடவ. போகோணும்னுதான் இருந்தேன். எங்கங்க முடிஞ்சுது? ஒரு லோடு போவுது, ஒரு லோடு வருது, நா இல்லாம எவன் கணக்குப் பாப்பான்? பொண்டாட்டி ருக்குமணி ஆசுபத்திரியிலருந்து போன் மேல போன் போட்டா. எடுக்கல. யாவாரம் பண்றவனுக்குத்தான் அது தெரியும், பொம்பளைகளுக்கு என்ன தெரியும்?

அந்த வருச லாபத்துல நா என்ன பண்ணுனேன்? எனக்கு ஒரு சட்டை எடுத்தனா? சத்தியமா இல்லீங்க. அவளுக்குத்தான் நகை செஞ்சேன். அட்டிகை, வளையல், ஜிமிக்கி, ஒண்ணு உடல. கையில தழும்பு இருக்கற பொண்ணு, நகையாவது நெறைய இருக்கட்டும்னு ஒரு அப்பன் நெனைக்கறது தப்புங்களா? பொட்டியக் கொண்டு போயி அவ மடியில வெச்சேன். கட்டுப் போட்ட கையோட தொறந்து பாத்தா. மொகம் மலந்துச்சுங்க. நா பாத்தேன், மலந்துச்சு. அப்பறம் கேட்டா, "இது எந்த வருசத்து லாபம்ப்பா?" நா பொய் சொல்றவன் இல்லீன்னு உங்களுக்கு இப்பத் தெரிஞ்சிருக்குமே. இந்த வருசம்தாங்கண்ணு, வராது வந்த வருசம்னேன்.

பொட்டிய மூடுனா. என்ற பக்கம் நகத்துனா.

மறுநா ருக்குமணி துணிமணிய எடுத்துட்டு அவகூடவே மலைக்குப் போயிட்டா. குவார்ட்டர்ஸ்ல இருக்கறாங்க, ஆத்தாளும் மகளும். கையி ஆறுற வரைக்கும்தான் இருக்கறேன்னுட்டுப் போனா. கையி ஆறி எத்தனையோ நாளாச்சு. எனக்கு நானே ஆக்கித் திங்கறேன். நகை மேல கோவிச்சுக்குவாங்களா? நகை என்னங்க பாவம் பண்ணுச்சு? அன்னிக்கு ராத்திரி நா அழுதேன். வெக்கத்த உட்டுச் சொல்றனுங்க, இந்த மூட்டைக்கு நடுவுல உக்காந்து அழுதேன்.

சரி, மலை கருகிப் போச்சே, இனி வருசா வருசம் இப்படித்தான் வரும்னு நம்பி, கெடைச்ச எடத்துல எல்லாம் சொல்லிப் படிகாரத்த மொத்தமா வாங்கிப் போட்டேன். அதுதான் நீங்க உக்காந்திருக்கறது. வேரு சாகலியாமுங்க! மேல எரிஞ்சாலும் அடியில வேரு உசுரோட இருந்துச்சாமா. ஒத்தக் கையோட மறுபடியும் கல்ல அடுக்கி, ஆட்ட நிறுத்தி, சருகுக்குக் காவல் போட்டா. அடுத்த மழைக்குக் கொஞ்சம் கலங்கல். அதுக்கு அடுத்ததுக்கு அதுவும் இல்ல. பலகையில எழுதிட்டான்.

இதுக்கு முந்தி மூணு எடம் வந்துச்சுங்க அவளுக்கு. மூணு பேருமே இந்த மூட்டை மேலதான் உக்காந்தாங்க. இதே மாதிரிதான், ஒளிவு மறைவில்லாம அத்தனையும் சொன்னேன். தண்ணி குடிச்சாங்க, போயிட்டு வர்றோம்னாங்க, போனவங்க போனவங்கதான். எவனோ வெளிய நின்னு கலைச்சு உடறானுங்க. நல்லா இருக்கற குடும்பத்தப் பாத்தா ஊர்ல பொறுக்காது. ஆருன்னு மட்டும் தெரிஞ்சுது, உடமாட்டேன்.

அவ்வளவுதானுங்க நா சொல்ல வேண்டியது. இனி நீங்க சொல்லுங்க. பையன் கரூர்ல மாட்டு டாக்டருன்னு தரகர் சொன்னாரு. கல்யாணம் முடிஞ்ச கையோட மாத்தல் வாங்கிப் போடலாம். நகை இருக்குது. அவ போடமாட்டேன்னா உங்க ஊட்டம்மா எடுத்துப் பீரோவுல வெச்சுக்கட்டும், நா ஒண்ணும் கேக்கமாட்டேன். என்னிக்குக் கூட்டிட்டுப் போறீங்க?

என்னது?

கரூர் இல்லீங்களா? பின்ன?

இந்த ஊருங்களா. பையங்கூட வந்து இருக்கறீங்களா. பையன் எங்க வேலை...

ஏனுங்க, வெளையாடறீங்களா?

கிருபாகரனோட அப்பனா நீங்க? உக்காந்த நேரத்துலருந்து தலைய ஆட்டிட்டே கேட்டுட்டு இருந்தீங்களே, அத முன்னாலயே சொல்லறதுக்கு என்ன? நா வாயத் தொறக்க உட்டனான்னு என்னையவே கேக்கறீங்க! நா பேசுனா நீங்க பேசப்படாதா? எந்திரிச்சு நின்னு, "நா இன்னாரு"ன்னு சொல்லியிருக்கோணுமல்ல? பாலு திரிஞ்சு போயிரும்னதயும் கேட்டுட்டு, பெத்தவன் கையில கெடைச்சாங்கறதையும் கேட்டுட்டு, என்ற தண்ணிய வேற வாங்கிக் குடிச்சுட்டு... சரி. சொன்னது சொன்னதுதான். நா மாத்திப் பேசமாட்டேன். அவன் மூஞ்சி அப்படித்தான் இருக்குது.

பொண்ணு கேட்டா வந்திருக்கீங்க எங்கிட்ட? எந்த தைரியத்துல?

கேக்க வரலியா?

சொல்லத்தான் வந்தீங்களா.

கொஞ்சம் பொறுங்க. எனக்கு ஒண்ணும் புரியல. முடிவாயிருச்சுன்னா... ஆரு முடிவு பண்ணுனது? அவளா? ருக்குமணியுமா? மண்டபம் வரைக்கும் பேசியாச்சா? பெத்த அப்பன் ஒருத்தன் இங்க குத்துக்கல்லாட்ட உக்காந்திருக்கறேன், கரூர்லருந்து ஆளு வரும்னு வாசலையே பாத்துட்டு உக்காந்திருக்கறேன், அங்க எல்லாம் முடிஞ்சு போச்சா? அவளே வந்து சொல்லியிருக்கலாமல்ல? மலையிலருந்து எறங்கி வந்தா அரை மணி நேரம். "நா போனா சண்டை வரும், நீங்க பெரியவங்க, நீங்க போயி மொறையாச் சொல்லுங்க"ன்னாளா. மொறையாம் மொறை! அவளுக்கு மொறையெல்லாம் கூடத் தெரியுதா?

சித்திரையில மழை இல்லாமப் பேசுனது இதுதானா. அட கெரகமே. அந்த வாட்சுமேன் நாயி எங்கிட்டச் சொல்லும்போதே பல்லக் காட்டிட்டுச் சொன்னான். ஊரே சிரிச்சிருக்குது. எனக்கு மட்டும்தான் தெரியல.

சரிங்க, ஒண்ணு மட்டும் சொல்லுங்க. உங்க பையன் மாத்தல்ல போவானா? எங்கயாச்சும், கடல் பக்கம், தண்ணியே இல்லாத ஊருப் பக்கம்? போகமாட்டானா. அவளும் போகமாட்டாளா. இங்கயேதானா ரெண்டு பேரும். மேல அவ, கீழ அவன். காலம் பூராவும். அப்ப இந்த மூட்டையெல்லாம்? நா கேக்கறது உங்களுக்குப் புரியுதுங்களா, இத்தன மூட்டை? தொலையட்டும்னு தூரத்துல கட்டிக் குடுக்கலாம்னு நா பாத்தா, கொண்டாந்து என்ற நெஞ்சு மேலயே குடி வெக்கறீங்களே. இது உங்களுக்கே நல்லா இருக்குதா?

பைய எதுக்குத் தொறக்கறீங்க? வேண்டாம். பத்திரிகைய வெளிய எடுக்காதீங்க. நா சொல்றனுங்க, எடுக்காதீங்க. தட்டுல வெச்சுக் குடுத்தாலும் வாங்கமாட்டேன். உள்ள வையுங்க. எந்திரிங்க. அந்த மூட்டை மேலருந்து எந்திரிங்க மொதல்ல, அது என்ற மூட்டை. போயி அவகிட்டச் சொல்லுங்க, உங்கொப்பன் செத்துப் போயிட்டான்னு பத்திரிகையில போட்டுக்கச் சொன்னான்னு சொல்லுங்க.

என்ன?

என்ற பேரு போட்டிருக்குதா?

மேலயேவா? கொட்டை எழுத்துல. அவதான் சொல்லிப் போடச் சொன்னாளா.

இல்ல, காட்ட வேண்டாம். நா பாக்கமாட்டேன். பேரு போட்டா ஆச்சா? ஆப்பரேசனுக்கு வரலீன்னு இன்னிக்கு வரைக்கும் ஒரு வார்த்தை கேட்டதில்லீங்க அவ. கேட்டிருந்தா நா பதில் சொல்லியிருப்பேன், சண்டை போட்டிருப்பேன், தீந்து போயிருக்கும். கேக்காம இருக்கறா பாருங்க, அது திமிரு. அந்தத் திமிர உங்க ஊட்டுக்குக் கொண்டு போறீங்க, அனுபவியுங்க. பெத்த எனக்கே புடிக்கலீன்னு இவ்வளவு நேரம் சொன்னேன், கேட்டுட்டும் வேணும்ங்கறீங்கன்னா உங்க குடும்பமே அப்படித்தான் போல. கெளம்புங்க. கும்புடு எல்லாம் வேண்டாம். வண்டிய அந்தப் பக்கமாத் திருப்புங்க, இந்தப் பக்கம் சாக்கடை. பாத்துப் போங்க. போங்க, போங்க, நிக்காதீங்க.

ஏனுங்க.

ஏனுங்க, நில்லுங்க! ஒரு நிமிசம்!

கல்யாணம் என்னிக்குன்னு சொல்லாமப் போறீங்களே. ஏனுங்க! என்னிக்குங்க?